தவக்காலத் தொண்டை

ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர்களாகிய எங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொண்டை கட்டும். தவக்காலம் தொடங்கிவிட்டால் வெள்ளிதோறும் கோயிலில் பசாம் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் துக்கப் பாட்டு) படிப்போம். பெரிய கிழமையில் (பாடுகளின் வாரத்தில்) அது நாள்தோறும் நடக்கும். ஒலிவாங்கி இருந்தாலும் பழக்கதோஷத்தில் உரத்துத்தான் படிப்போம். பெரிய வெள்ளி முடியும்போது படித்த ஒருவருக்கும் குரல் இருக்காது. யாருக்காவது குரல் மிச்சம் இருந்தால் அவரை நாங்கள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்போம், ஆள் வெறும் வாயை அசைத்திருக்கிறார் என்று.

ஆகவே போன வருடம் உயிர்த்த ஞாயிறு கழிந்தும் என் குரல் திரும்பாதபோது எனக்குக் கவலை வரவில்லை. உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. என் புற்றுநோயின் முதல் அறிகுறியை நான் அப்படித்தான் வரவேற்றேன். உங்களில் யாருக்காவது இதே நோய் வந்திருந்தால், அல்லது வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தால், என் மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுப் போய், பாரிஸில் இருபத்திரண்டு வருடம் உணவகக் குசினிகளில் வேலை செய்தேன். மனைவி ரீற்றா அங்கே இறந்தாள். ஒரே மகள் அனிற்றா படித்து வேலைக்குப் போன பிறகு, நான்கு வருடங்களுக்கு முன் நான் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்தேன்.

மகளும் நானும் தினமும் தொலைபேசியில் செபமாலை சொல்வோம். செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். பாரிஸில் எங்கள் சின்ன வீட்டில் முன்பாதி என்னுடையது, பின்பாதி ரீற்றாவுடையது. அவள் போன பிறகு பின்பாதி அனிற்றாவிடம் வந்தது. எனக்கு இரவு எட்டரை மணி, அவளுக்கு வேலை முடிந்து ரயிலில் வீட்டுக்கு வரும் நேரம். காதில் கருவியைச் செருகிக்கொண்டு சனத்துக்கு நடுவே முணுமுணுப்பாள்.

"எனக்கு நம்பிக்கை எண்டு ஒண்டும் இல்லை அப்பா. அம்மாவின்ரை பங்கைத்தான் சொல்லுறன்" என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவள்தான் முதலில் கவனித்தாள்.

"அப்பா, இன்னும் அதே தொண்டையோ?"

"பசாம் படிச்ச தொண்டை பிள்ளை. மெல்ல மெல்ல மாறும்."

என்னோடு பசாம் படிக்கும் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் அதைத்தான் சொன்னார். "எனக்கும் ஒருக்கா ஒரு மாசம் எடுத்தது தம்பி. நீர் கொத்தமல்லி அவிச்சுக் குடியும்." குடித்தேன். பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தேன். சித்திரை போய் வைகாசியும் முடிந்தது. குரல் கரகரத்தபடியே இருந்தது. வலி இல்லை. வலி இருந்திருந்தால் நேரத்தோடு போயிருப்பேன்.

கடைசியில் மகளின் அரியண்டம் தாங்காமல் எங்கள் ஊர் வைத்தியசாலைக்குப் போனேன். இருந்தவர் வயது குறைந்த ஒரு பெண் டொக்டர்.

"எவ்வளவு நாளாக் குரல் இப்பிடி இருக்கு, ஐயா?"

"பெரிய வியாழன் தொடக்கம்."

அவர் சைவப் பிள்ளை, எங்கள் பெருநாள் கணக்குத் தெரியாது. "அது எத்தினை கிழமை?" என்று கேட்டார்.

சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து எண்ணினேன். பதினொரு கிழமை. அதுவரை நான் அதைக் கிழமைக் கணக்கில் நினைத்தே பார்க்கவில்லை. பசாம் எவ்வளவு உரத்துப் படிப்போம் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மூண்டு கிழமைக்கு மேலை குரல் அடைச்சிருந்தா உள்ளுக்குப் பாக்கவேணும் ஐயா. பாட்டாலை வந்ததெண்டாலும் பாக்கவேணும். சிகரெட் பத்துறனீங்களோ?"

"விட்டு ஒன்பது வருசம்."

ரீற்றா செத்த வருடம் விட்டது. அதற்கு முன்னால் குசினிகளின் பின்கதவடியில் நின்று ஊதித் தள்ளியதை அவர் கேட்கவில்லை, விட்ட கணக்கை மட்டும் எழுதிக்கொண்டார். யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்.

யாழ்ப்பாணத்தில் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்த்தார்கள். இடது குரல்நாணில் (தொண்டைக்குள் அதிர்ந்து குரல் எழுப்பும் தசைமடிப்பு) வெள்ளையாக ஒரு தடிப்பு. பிறகு மயக்கிவிட்டு, அதிலிருந்து ஒரு துணுக்கை வெட்டித் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு கிழமை என்றார்கள். அந்த இரண்டு கிழமையும் நான் வீட்டில் தனியே இருந்து "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். காலையில் குரல் தெளிந்ததுபோல இருக்கும். பத்து மணிக்கு அது பொய் என்று தெரியும். செபத்துக்கு உட்கார்ந்தாலும் மனம் சொற்களில் நிற்காது, சத்தத்திலேயே நிற்கும்.

முடிவைச் சொன்னவர் நரைத்த தலையுடைய மூத்த வைத்தியர். சுற்றி வளைக்கவில்லை.

"கான்சர்தான் ஐயா. ஆனா வெள்ளனப் பிடிபட்டிருக்கு. குரல்நாணை விட்டு வெளியாலை போகேல்லை. ஆறு கிழமை கதிர்ச்சிகிச்சை (புற்றுநோயைக் கதிர்களால் அழிக்கும் முறை) குடுப்பம்."

"அதாலை மாறாட்டி?"

"மாறாட்டிக் குரல்வளையை எடுக்கவேண்டி வரும். கழுத்திலை ஒரு துவாரம் வைச்சு அதாலைதான் மூச்சு விடுவீங்கள்."

"கதைக்க ஏலாதோ?"

"இப்ப கதைக்கிற மாதிரி ஏலாது."

வெளியே வந்து விறாந்தையில் கிடந்த கதிரையில் இருந்தேன். சாவைவிடக் குரல் போவதுதான் எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது. பசாமை வேறு யாரும் படிக்கலாம். முன்பாதியை யார் சொல்வது? நான் சொல்லாவிட்டால் அவள் பின்பாதியைச் சொல்ல ஏது காரணம்? அந்தப் பிள்ளையிடம் மிஞ்சியிருந்த ஒரே செபம் அது. அதுவும் என் தொண்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவே மகளுக்குச் சொன்னேன்.

"இஞ்சை வாங்கோ அப்பா. உங்களிட்டை இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்குத்தானே. நான் எல்லாம் பாக்கிறன்."

வரமாட்டேன் என்றேன். இங்கும் அதே சிகிச்சைதான் என்று வைத்தியர் சொன்னார், அது உண்மை. ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் அது இல்லை.

ரீற்றா மூளையில் இரத்தக்குழாய் வெடித்து விழுந்தபோது நான் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வைத்தியர் பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார். என்னுடைய பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு, அதில் வெங்காயமும் அடுப்பும்தான் இருந்தன. பதினேழு வயது அனிற்றாவைப் பார்த்தேன். "அம்மா திரும்பி எழும்பமாட்டாவாம் அப்பா. மெஷினை நிப்பாட்டுறதுக்கு உங்களைக் கேக்கினம்" என்று அவள் மொழிபெயர்த்தாள். நான் என்ன சொன்னேனோ, அதையும் அவள்தான் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பூசைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளையின் வாயால் என்னுடைய முடிவையும் கேட்க எனக்குத் துணிவில்லை. என் நோயின் கதையை என் பாஷையில் நானே கேட்டுக்கொள்வேன் என்று இங்கேயே நின்றுவிட்டேன்.

கதிர்ச்சிகிச்சைக்கு முதலில் ஒரு முகக்கவசம் செய்வார்கள். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்திலும் கழுத்திலும் அழுத்தி அச்செடுப்பார்கள். சிகிச்சையின்போது அதைப் போட்டுத் தலையைப் பலகையோடு பூட்டிவிடுவார்கள், அசையக் கூடாது. சில நிமிடம்தான், வலியும் இல்லை. ஆனால் முதல் நாள் எனக்கு மூச்சு முட்டியது. பயம் வந்தால் கையை உயர்த்துங்கள், நிறுத்துவார்கள். நான் இரண்டு முறை உயர்த்தினேன்.

சனி, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் முதல் பஸ்ஸில், எங்கள் தீவிலிருந்து கடலுக்கு நடுவே போகும் வீதியால் போய் வந்தேன். அந்தோனிப்பிள்ளை அண்ணை கூட வருவார். கொத்தமல்லி சொன்ன குற்ற உணர்ச்சியோ என்னவோ, பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் கிழமை கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. கஞ்சியும் முள்ளாக இறங்கியது. கடவுள் மேல் எனக்கு நல்ல கோபம் இருந்தது. உம்முடைய பாடுகளைப் பாடிய இடத்தைத்தானா பார்த்துப் பிடித்தீர் என்று பஸ்ஸில் இருந்தபடி கேட்டேன்.

நான்காம் கிழமை குரல் முழுதாகப் போய்விட்டது. குசுகுசுக்கவும் வேண்டாம், அதுவும் குரல்நாணுக்குப் பாரம் என்றார்கள். மகளுக்கு எழுதி அனுப்பினேன்: "இண்டைக்கு ரெண்டு பாதியையும் நீயே சொல்லு. விருப்பமில்லாட்டிக் காரியமில்லை. நான் செபமாலை மணி ஒவ்வொண்டுக்கும் ஒருக்கா போனிலை நகத்தாலை தட்டுவன்."

எட்டரைக்கு அழைப்பு வந்தது. நான் தட்டினேன். அவள் தொடங்கவில்லை. போனை வைத்துவிடுவாளோ என்று இன்னொருமுறை தட்டினேன். பிறகு முன்பாதியைச் சொன்னாள், பிரெஞ்சில். சின்ன வயதில் முதல்நன்மைக்கு (முதன்முறை நற்கருணை வாங்கும் சடங்கு) ஆயத்தம் செய்தபோது படித்தது. தமிழில் பின்பாதியைச் சொல்லித்தான் அவள் வாய் பழகியிருந்தது. முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி தமிழ் என்று ஐம்பது மணியும் போனது. எந்த மொழிக்குப் பயந்து இங்கே தங்கினேனோ அதே மொழியில், அதே குரலில், அவள் எனக்காகச் செபித்தாள். நான் தட்டிக்கொண்டே அழுதேன். சத்தம் வராதபடியால் அவளுக்குத் தெரியவில்லை.

சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். "இப்போதைக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றார் வைத்தியர். "இப்போதைக்கு" என்ற சொல்லோடுதான் அன்று வீடு வந்தேன். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, மெலிந்து, அடியில் ஒரு கரகரப்போடு. இனி இதுதான் உங்கள் குரல் என்றார்கள். இப்போது என் நாட்காட்டியில் பெருநாள்களுக்குப் பக்கத்தில் கிளினிக் நாள்களும் வட்டமிட்டிருக்கின்றன. சாதாரணத் தடிமன், சளி வந்தாலும் மூன்று கிழமையை எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

இந்தத் தவக்காலத்தில் நான் பசாம் படிக்கவில்லை. அந்தோனிப்பிள்ளை அண்ணைக்குப் பக்கத்தில் நின்று புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக் கொடுத்தேன். பெரிய வெள்ளிக்குப் பிறகு ஊரெல்லாம் தொண்டை கட்டியிருந்தது. இரண்டு பேரைப் பிடித்து நாள் எண்ணச் சொன்னேன். சிரித்தார்கள். எண்ணுவார்கள் என்று நினைக்கிறேன்.

முன்பாதி மறுபடி என்னிடம் வந்துவிட்டது. நேற்றிரவு முதல் மணிக்கு நான் சொல்லி முடித்தேன், பின்பாதி வரவில்லை. ரயில் சத்தம் கேட்டது, ஆகவே தொடர்பு அறுபடவில்லை.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அப்பா. தொண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தனான்."

"எப்பிடி இருக்கு?"

கொஞ்சம் யோசித்தாள்.

"நேற்றைப்போலத்தான் இருக்கு" என்றாள். பிறகு பின்பாதியைச் சொல்லத் தொடங்கினாள்.