மேலாடையைப் பறிகொடுத்தவரின் லத்தீன்

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மொழி நிலையம். வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கு அங்கே லத்தீன் சொல்லிக்கொடுத்தேன். சேர்ந்த சில வாரங்களிலேயே நிர்வாகி கதிரேசன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கையில் நான் வகுப்பில் கொடுத்த போட்டோகாப்பி.

"டீச்சர், பிகினர்ஸுக்கு ஒரிஜினல் டெக்ஸ்டா? அதுல ஸ்பெல்லிங் மிஸ்டேக் வேற."

ரோமர் காலத்து ஈயத் தகடு ஒன்றின் வாசகம் அது. மேலாடையைப் பறிகொடுத்த ஒருவர் தேவதையிடம் முறையிடுகிறார்: திருடியது ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ, தூக்கம் வரக் கூடாது. சின்னத் தொடர்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"தப்பா எழுதினவரும் லத்தீன்காரர்தான் சார். அது அவர் வீட்டு பாஷை," என்றேன்.

நிலையத்தின் பாடநூலில் ஓர் உழவர் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிறுமிக்கு ரோஜா கொடுத்துக்கொண்டிருப்பார். இலக்கணம் பழக்க யாரோ உண்டாக்கிய ஆள். அவரிடம் திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

கதிரேசன் வகுப்பைப் பார்க்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மாலதி படித்துக்கொண்டிருந்தார். புக்கிட் மேராவில் நர்ஸ் வேலை. ஒரு சொல்லில் நின்றுவிட்டார். அகராதியில் அது இல்லை. கதிரேசன் என்னைப் பார்த்தார். உதவ வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். மாலதி அதை முணுமுணுத்தார், பிறகு சத்தமாகச் சொன்னார்.

"டீச்சர், இவரு பேசுற மாதிரியே எழுதியிருக்காரு லா. வாய்விட்டுப் படிச்சா புரியுது." சற்று யோசித்து, "அந்தத் துணி கிடைச்சுதா?" என்றார்.

"தெரியாதும்மா."

வகுப்பு முழுவதும் திருடனைப் பற்றியே பேசியது. பேசியதெல்லாம் அந்தத் தாளில் இருந்த சொற்களை வைத்து.

வெளியே வந்ததும் கதிரேசன் சொன்னார்: "கிளாஸ் நல்லா இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா சர்டிபிகேட்டுக்கு அந்த புக்குதான். அடுத்த டெர்ம் அதை எடுங்க. இல்லன்னா நான் வேற டீச்சர் பார்க்கணும்."

"பாருங்க சார்."

தோ பாயோவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசைகள் இருக்கின்றன. வகுப்பை அங்கே தொடர்ந்தேன். பாதிப் பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரோமர்களின் எல்லைக்கோட்டையில் வாழ்ந்த ஓர் அதிகாரியின் மனைவி, தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதத்தைக் கொடுத்தேன். எழுத்தர் எழுதிய கடிதம். அடியில் மட்டும் அந்த அம்மாவே கைப்பட இரண்டு வரி சேர்த்திருந்தார். மாலதி அந்த வரிகளை இரண்டு தடவை படித்தார்.

"ரொம்ப ஏங்கியிருக்காங்க, இல்ல டீச்சர்?"

இப்போது பாடம் எடுக்க வரும் இளைய ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். சின்னதாகக் கொடுங்கள், ஆனால் யாரோ தன் தேவைக்காக எழுதியதைக் கொடுங்கள். ஆரம்பத்திலேயே இது கடினம் என்று மேலிடம் சொன்னால், யாருக்குக் கடினம் என்று கேளுங்கள். கல் மேசையில் இருந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அடுத்த தாள்.