வெண்டல் எழுந்திருக்கும் நேரம்

ஒஹையோவில் வாரமெல்லாம் பள்ளி பஸ் ஓட்டுகிற டார்லா, சனிக்கிழமையானால் பாரில் பேஸ் கிதார் வாசிப்பாள். மூன்று பேர் கொண்ட அவளுடைய ராக் குழுவுக்குப் பல்வலி, மாமியாரின் நாய் என்று எல்லாமே சிரிப்புப் பாட்டுதான். கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவள் மைக்கில் மூக்கை உறிஞ்சுவாள்: "எங்க டிரம்மர் வெண்டல் காலமாயிட்டான்."

டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்திருந்த வெண்டல் எழுந்து, "இருங்க பாவிங்களா, பியர் இன்னும் மிச்சம் இருக்கு" என்பான். வருஷக்கணக்காக ஊர் இதற்கே வயிறு வலிக்கச் சிரித்தது.

ஒரு வியாழக்கிழமை, பாழாய்ப்போன மாரடைப்பு அவனை நிஜமாகவே கொண்டுபோய்விட்டது. சனிக்கிழமை அவன் டிரம்ஸை வழக்கமான இடத்திலேயே வைத்தார்கள்.

"நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது," என்றான் கிதார்க்காரன் கர்டிஸ்.

முதல் பாட்டுக்கு முன்னாலேயே அவள் மைக்கில் சொன்னாள். பாரே சிரித்தது.

"இல்லப்பா, நெஜமாவே செத்துட்டான்." அவள் குரல் உடைந்தது. இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"இன்னிக்கு நல்லாவே அழுறா," என்றான் ஒருவன். "போதும், எழுந்திருடா வெண்டல்."

எல்லோரும் டிரம்ஸையே பார்த்தார்கள். டார்லாவும் திரும்பி, அவன் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தாள்.