வலிக்காத கால்

கருகும் வாசனை வந்துதான் திரும்பிப் பார்த்தேன். தாராவியில், ஒரு தையல் பட்டறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. என் மகள் பவித்ராவுக்கு அப்போது நான்கு வயது. என் கணவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வைத்திருந்த பெட்டியில் கையை ஊன்றியபடி, நான் பொத்தான் தைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திக்கொண்டே பாய்ந்து போய்க் கையைப் பிடுங்கினேன். உள்ளங்கைத் தோல் பெட்டியோடு போய்விட்டது.

"ஏம்மா கத்துத?" என்று கேட்டாள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

அதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல் முளைத்த வயதில் நாக்கைக் கடித்துக் கடித்து ரணமாக்கி வைத்திருந்தாள். தடுப்பூசி போட்டால் நர்ஸைப் பார்த்துச் சிரிப்பாள். தைரியசாலி என்று சந்தே மெச்சியது, நானும் பூரித்துப்போனேன். சாக்கடையும் பதனிடாத தோலும் நாறும் இடத்தில் அவள் ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. "கொடுத்து வச்ச மூக்கு" என்று கேலி செய்வோம்.

போன இடமெல்லாம் காயத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கடைசியில் மாட்டுங்காவில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். தமிழ்ப் பெண்மணி. அவர் கையைப் பார்க்கவே இல்லை. "குழந்தைக்கு வாசனை தெரியறதா?" என்று கேட்டார். அவள் கண்ணைப் பொத்தச் சொல்லி, காப்பித்தூளை மூக்கின் கீழே நீட்டினார். அப்புறம் சோப்பு.

"ஒண்ணும் இல்லையே" என்றாள் பவித்ரா.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமா மேடம். இவுக எனக்குத் தாய்மாமா" என்றேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கானது. எஸ்சிஎன்9ஏ என்ற மரபணுவில் (பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும், உடலுக்கான குறிப்பு) பழுது என்றார் மருத்துவர். வலி நரம்புகளில் உள்ள ஓர் அயனி வாய்க்காலை (சோடியம் உள்ளே நுழையும் மிகச் சிறிய கதவு) உண்டாக்குவது அந்த மரபணுதான். கதவு திறந்தால்தான் அடிபட்ட சேதி மூளைக்குப் போகும். முகரும் நரம்புகளிலும் அதே கதவுதான். எங்கள் இருவரிடமும் பழுதான பிரதி ஒன்றும் நல்ல பிரதி ஒன்றும் இருந்தன. நல்லதை வைத்து நாங்கள் பிழைத்துக்கொண்டோம். பழுதான இரண்டும் இவளுக்கு வந்து சேர்ந்துவிட்டன.

"மருந்து இருக்கா மேடம்?"

"வலியைக் குறைக்க எத்தனையோ இருக்கு. வரவழைக்க ஒண்ணும் இல்லம்மா. தினம் தலைலேர்ந்து பாதம் வரைக்கும் நீங்கதான் பாக்கணும்."

அன்றிலிருந்து பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களும் பாருங்கள்: நாக்கின் அடி, கண்ணின் வெள்ளை, விரல் இடுக்கு, பாதம். மூட்டுகளைத் தொட்டு, இரு பக்கமும் ஒரே சூடா என்று பாருங்கள். காரணமில்லாமல் காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்.

இவ்வளவு தெரிந்த நான்தான் ஏமாந்தேன். பதினோரு வயதில் அவள் எனக்குத் தெரியாமல் பள்ளிக் கபடி அணியில் சேர்ந்திருந்தாள். எந்தப் பிடியிலிருந்தும் திமிறிக்கொண்டு வருவாளாம். "ஷேர்னி ஹை ஆப்கி பேட்டி" என்று, உங்கள் மகள் பெண் சிங்கம் என்று, பயிற்சியாளர் பிற்பாடு என்னிடமே பெருமையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அவள் போர்வைக்குள்ளிருந்து ஒவ்வொரு காலாக நீட்டுவாள். நாள் முழுக்கப் பொத்தான் தைத்த கண்ணோடு பார்த்துவிட்டு, சரி என்பேன். வலது காலையே இரண்டு முறை நீட்டியிருக்கிறாள். போர்வை விலகிய ஒரு காலையில்தான் இடது கணுக்காலைப் பார்த்தேன். பூசணிக்காயாய் வீங்கி, தொட்டால் கொதித்தது. எலும்பு முறிந்து, அதன் மேலேயே ஆடி ஓடி, மூட்டு நொறுங்கியிருந்தது.

அறுவை செய்து, தகடும் திருகும் வைத்து மூட்டைப் பூட்டினார்கள். "இனி ஒருதரம் இப்படி ஆகி, கிருமி எலும்புக்குள்ள போனா, காலைக் காப்பாத்த முடியாமப் போகலாம்" என்றார் அறுவை மருத்துவர்.

எனக்கு இப்போது முதுகு வலித்தால் மாத்திரை போட மனம் வருவதில்லை. வலி தன் வேலையைப் பார்க்கிறது, பார்க்கட்டும் என்று இருந்துவிடுகிறேன். மணி பார்ப்பதும் மறந்துவிட்டது. ஒரு காயம் படுவதற்கும் அது என் கண்ணில் படுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்பது மட்டுமே எனக்கு நேரம். பவித்ரா பள்ளிக்குப் போன பிறகு அந்த நேரம் ஓட ஆரம்பிக்கும்.

மாவுக்கட்டுப் பிரித்த அன்று கேட்டேன். "ஏட்டி, ஏன் மறைச்ச?"

"சொன்னா கபடியை நிப்பாட்டிருவ."

"காலே போயிரும்னு டாக்டர் சொன்னாங்கல்லா, காதுல விழல?"

அவள் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் சிரித்தாள். "போனாலும் வலிக்காதுல்லாம்மா?"

அவளுடைய இரண்டு கால்களையும் சேர்த்து என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.