பெரியநாயகி ரோட்டைக் கடந்த இடம்

பெரியநாயகி ஆள் கூட்டுகிறவள். யாருடைய கொல்லை நிலத்தில் களை மண்டிக் கிடக்கிறது, யாருக்கு மரவள்ளி பிடுங்க ஆள் வேண்டும் என்பது அவள் போனுக்குத்தான் முதலில் வரும். காலையில் ஏரிக்கரைக் காலனிப் பெண்களை வீரமுத்துவின் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு கிளம்புவாள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும், வீரமுத்துவுக்கும் தெரியும். எதிரில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப் தெரிந்தால் எல்லாரும் குனிந்து உட்கார்ந்து தலைக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே யாராவது சிரித்துத் தொலைப்பார்கள்.

ரிஷிவந்தியத்துப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, பொங்கலுக்கு வருவான். ஆரம்பத்தில் அவளும் மற்றவர்களைப் போல வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவள்தான். ஒருமுறை மதியச் சோற்றுக்கு விடாமல் வேலை வாங்கிய நிலத்துக்காரரிடம், "நாளைக்கு நீங்களே வெட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் நடந்தார்கள். அதிலிருந்து ஆள் கூட்டுவது அவள் பொறுப்பாயிற்று.

காலனி வடக்கனந்தல் ரோட்டின் ஒரு பக்கம். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம், கொல்லைகள் எல்லாம் எதிர்ப்பக்கம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ரோட்டைக் கடக்கிறோம் என்று காலனியில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். பிறகு நடப்பார்கள்.

எதிர்ப்பக்கத்துக் கொல்லைகளை விவசாய நிலம் என்பதிலிருந்து தொழிற்சாலை நிலமாக மாற்றப் போகிறார்கள் என்று பேச்சிருந்தது. நிலத்துக்காரர்களில் ஒருவரான ஆதிமூலம் தன் பங்கைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார் என்றார்கள். மாற்றினால் லாரிகள் வரும். அவற்றை ரோடு தாங்குமா, எங்கே அகலப்படுத்த வேண்டும் என்று பார்ப்பதற்காகத்தான் கூட்டுரோட்டு விளக்குக் கம்பத்தில் கேமரா கட்டினார்கள். இது காலனிக்குத் தெரியாது. கேமரா மட்டும் தெரிந்தது.

"ஹெல்மெட் கேமராதான்" என்றார் கூட்டுரோட்டு டீக்கடை காசிநாதன். "மேல இருந்தே படம் புடிச்சுக்கும். அபராதம் போனுக்கு வந்துடும்."

"ஹெல்மெட்டுக்கு மட்டுமாண்ணே?" என்று கேட்டான் வீரமுத்து.

"ஓவர்லோடு, ஆள் ஏத்தறது, எல்லாத்துக்குந்தான்."

வீரமுத்து டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

பெரியநாயகி உடனே முடிவெடுத்தாள். ஏரிக்கரை மேலேயே போய், ரோட்டுப் பாலத்துக்கு அடியில் காய்ந்து கிடந்த ஓடை வழியாக மறுபக்கம் ஏறிவிடலாம். வண்டி அங்கே உள்பாதையில் நிற்கட்டும். கேமரா இருக்கும்வரை ரோட்டுப் பக்கம் ஒருத்தரும் தலைகாட்டக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னாள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டார்கள். ரேஷன் அரிசிகூடப் பாலத்துக்கு அடியில்தான் வந்தது.

"இன்னாக்கா இது, திருட்டுக் கோழி புடிக்கப் போற மாதிரி பம்மிக்கினு போறோம்?" என்றாள் பச்சையம்மாள். வேலைக்குப் போகிற பெண்களில் வாய் ஜாஸ்தி அவளுக்குத்தான்.

"வாய மூடிக்கினு குனிஞ்சி வா. தலை இடிச்சுக்கப் போற."

காலனி ஆட்கள் வராததால் காசிநாதனுக்கு வியாபாரம் படுத்தது. ஒரு வாரத்தில் கேமராவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். காலனியில் ஒருவருக்கும் அபராதம் வரவில்லை. எல்லாரும் பெரியநாயகியை மெச்சிக்கொண்டார்கள்.

நிலத்தை மாற்றுவது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. மேடையில் அதிகாரிகள். ஓரத்து நாற்காலியில் பிரேக் இன்ஸ்பெக்டர். நிலத்துக்காரர்கள் முன்வரிசை, காலனிக்காரர்கள் கடைசி வரிசை. நிலம் போனால் களை வெட்ட இடம் ஏது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைக் கேட்கலாமா என்று பெரியநாயகி யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெயப்பிரகாஷ் என்ற இன்ஜினியர் எழுந்தார். கேமரா கட்டியவர் அவர்தான். திரையில் ரோட்டின் படத்தைப் போட்டு நிதானமாக விளக்கினார்.

ரோடு நான்கு வழியாகும். நடுவில் தடுப்புச் சுவர் வரும். ஜனங்கள் கடக்கிற இடங்களில் மட்டும் சுவரில் வழி விடுவார்கள். ஏரிக்கரைக் காலனி அருகே கடக்கிறவர்கள் ரொம்பக் கம்மி. அங்கே வழி தேவையில்லை. பெட்ரோல் பங்க் அருகே ஒன்று இருக்கிறது.

பெட்ரோல் பங்க் வரை போய், மறுபக்கம் அதே தூரம் திரும்பி வந்தால்தான் ரேஷன் கடை. பெரியநாயகி வீரமுத்துவைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் பிரேக் இன்ஸ்பெக்டரைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தான்.

கொல்லையில் நாலு பேர் எதிரில் பேசத் தயங்காதவள். ஆனால் துணி போர்த்திய நாற்காலிகள் இருக்கிற இடத்தில் அவள் இதுவரை வாய் திறந்ததில்லை. எழுந்தாள்.

"சார், ரோட்டுக்கு இந்தாண்ட நாங்க இருக்கோம்."

"தெரியும்மா. ஆனா நீங்க யாரும் ரோட்டைக் கடக்கலையே. வீடியோ இருக்கு."

"கடக்கல சார். பாலத்துக்கு அடியில போனோம்."

"ஏம்மா?"

"கேமராவப் பாத்து பயந்துக்கினு."

"வண்டியையும் ஆளையும் எண்ணத்தானே கேமரா கட்டினோம். அதுக்கு ஏன் பயம்?"

பிரேக் இன்ஸ்பெக்டர் தலை நிமிர்ந்தார்.

"குட்டியானையில வேலைக்குப் போறவங்க சார் நாங்க" என்றாள். "ஆள் கூட்டறவ நானு. கேஸ் போடறதா இருந்தா எம்மேல போடுங்க. ஆனா நாங்க தெனமும் கடக்கறோம். எங்க வூடு இந்தாண்ட, மத்ததெல்லாம் அந்தாண்ட."

மண்டபம் சிரித்தது. "தானாப் போய் மாட்டிக்கிச்சு பாரு" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"யாரு வண்டிம்மா அது?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

மறுபடியும் சிரிப்பு. வீரமுத்து செருப்பைத் தேடுகிறவன் போல வெளியே போனான். ஜெயப்பிரகாஷ் சிரிக்கவில்லை. மேடையில் இருந்த அதிகாரியிடம் குனிந்து ஏதோ பேசினார். இன்னொரு முறை கேமரா கட்டிப் பார்த்துவிடலாம் என்று அறிவித்தார்கள்.

கேமரா மறுபடி வந்தது. வீரமுத்து அதன் கண்ணில் பட முடியாது என்று சொல்லிவிட்டான். "சந்தி சிரிக்க வெச்சது போதாதா? கடைக்குப் பின்னால நிக்கறேன். நீங்க நடந்து வந்து ஏறுங்க." எதிர்ப்பக்கம், காசிநாதன் கடைக்குப் பின்னால் வண்டியை மறைத்து நிறுத்தினான். பெண்கள் காலனியிலிருந்து ரோட்டோரமாகவே நடந்து, கடைக்கு நேராக வந்து கடந்தார்கள். சாயங்காலமும் அப்படியே. கூட்டமாகக் கடந்தால் லாரிகள் வேகத்தைக் குறைத்தன. அதைப் பார்த்து ரேஷன் கடைக்குப் போகிறவர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பச்சையம்மாள் படத்தில் விழப் போகிறோம் என்று பட்டுப் புடவையில் வந்து, கொல்லையில் மாற்றுச் சேலை கட்டிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி போய்ட்டு வரட்டாக்கா? கணக்கு ஏறும்."

"போடி. தெனம் போற மாதிரி போனாப் போதும்."

ஜெயப்பிரகாஷ் சொன்னபடி செய்தார். மாசங்கள் கழித்து ரோட்டில் வெள்ளைப் பெயிண்டால் குறி போட்டார்கள். சுவரில் வழி விடும் இடம். காலனிக்கு நேராகக் குறி இல்லை. காசிநாதன் கடைக்கு நேராக இருந்தது.

பெரியநாயகி போய்க் கேட்டாள்.

"நீங்க எல்லாரும் கடந்தது அங்கதானேம்மா" என்றார் ஜெயப்பிரகாஷ். வீடியோவைக் காட்டினார். கூட்டத்தின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு அவள்தான் போய்க்கொண்டிருந்தாள். மாற்ற முடியுமா என்று கேட்டாள். மேலே அனுப்பியாகிவிட்டது என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது.

காசிநாதன் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார்.

மழை வந்தால் ஓடையில் தண்ணீர் ஓடும், பாலத்துக்கு அடியில் எப்போதும் போக முடியாது என்று காலனிப் பெண்கள் முணுமுணுத்தார்கள். தண்ணிக்குடமும் அரிசிப் பையும் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ரோட்டோரமாக நடக்க வேண்டுமே என்றார்கள். "நம்ம வூட்டுக்கு நேராவே கடந்திருக்கலாம் இல்ல?" என்றாள் பச்சையம்மாள்.

"கடந்திருக்கலாம்" என்றாள் பெரியநாயகி.

சுவர் எழுந்த பிறகு வந்த முதல் வேலை நாளில், மக்காச்சோளத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பெண்களை ரோட்டோரமாக வரிசையாகக் கூட்டிக்கொண்டு வழி இருக்கும் இடம்வரை நடந்தாள். ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. கை காட்டினாள். டிரைவர் சலித்துக்கொண்டே பிரேக் போட்டான்.

"வாங்கடி" என்றாள். எல்லாரும் போய்ச் சேரும்வரை கையை இறக்கவில்லை.