தெய்வசிகாமணியின் ஈர விரல்

ஏழு மணிச் செய்தியில் வானிலை முடிந்து விளம்பரம் தொடங்கியதும் தெய்வசிகாமணி மாமா வீட்டைவிட்டு வெளியே வருவார். கோட்டைக்குப்பம் ஏரிக்கரையில் நின்று, ஆள்காட்டி விரலை வாயில் நனைத்து உயர்த்துவார். கண்ணை மூடுவார். "நாளைக்கு மழ கீது" என்பார். மழை வரும். நான் மூன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் போன நாட்களில் மட்டும் அந்த விரலுக்கு எதுவும் தெரியாது. "இன்னிக்கு காத்து பேசமாட்டேங்குது" என்று உள்ளே போய்விடுவார்.

வலையில் ஒரு கிழிசலைக்கூட அவர் முடிந்து நான் பார்த்ததில்லை. அதற்குக் காந்தா அத்தை இருந்தாள். மீன் விற்கவும் அவள்தான். ஆனால் ஊர்க்கூட்டத்தில் முன்வரிசை அவருக்கு. வானம் தெரிந்தவராம்.

ஏரியில் வலை கட்டும் முறையை நாங்கள் பாடு என்போம். நல்ல இடம் கொஞ்சம், குடும்பங்கள் அதிகம். அதனால் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாள். கார்த்திகையில் மழைத்தண்ணீர் முகத்துவாரத்துக்கு ஓடும்போது இறாலும் சேர்ந்து ஓடும். அமாவாசையை ஒட்டி அங்கே பாடு விழுந்தால் அந்தக் குடும்பம் நிமிர்ந்துவிடும். மூன்று கார்த்திகைக்கு முன் அது என் அண்ணன் சுபாஷுக்கு விழுந்தது. அப்பா விட்டுப்போன வலை கந்தலாகியிருந்தது. அந்த ஒரு நாள் பலித்தால் புது வலை. இல்லையென்றால் அடுத்தவர் படகில் கூலி.

முந்தைய நாள் மாலை எங்கள் வீட்டிலும் அதே செய்திதான் ஓடியது. கடலிலிருந்த தாழ்வு மண்டலம் வலுவிழந்தது, வடகடலோரத்தில் நாளை வறண்ட வானிலை, நாளை மறுநாள் புதிய சுழற்சியால் கனமழை. விளம்பரம் வந்ததும் மாமா கரைக்குப் போகவில்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்து விரலைத் தூக்கினார்.

"பொன்னி, நாளைக்குப் பெருங்காத்து கீது. புள்ளைய அனுப்பாத. எம்பாடு நாளன்னிக்கு. மாத்திக்கலாம். நான் கெழவன், போனா போறேன்."

"அய்யோ அண்ணே, நீங்க ஏண்ணே..." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, இப்பதான டிவில நாளைக்கு மழையே இல்லன்னான்?" என்றேன்.

"டிவிக்காரன் மெட்ராஸ்ல ஏசில குந்தினுகிறான். நம்ம காத்து அவனுக்கு இன்னாடி தெரியும்?"

கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினேன். அம்மா முறைத்தாள். "நீ போனப் பாத்து சொல்ற. அவரு வானத்தப் பாத்து சொல்றாரு. வாய மூடு வெண்ணிலா."

அண்ணன் அம்மா பேச்சைக் கேட்டான். அன்றிரவே கோயில் முன்னால் நாலு பேரை வைத்துப் பாடு மாற்றிக்கொண்டார்கள். அப்படி வாயால் மாற்றியதைத் திரும்பக் கேட்கக் கூடாது, அது ஊர்க்கட்டு. இத்தனை வருடம் தொலைக்காட்சி சொன்னதையே சொன்ன விரல், அன்றைக்குத்தான் முதல்முறையாக வேறு சொன்னது.

மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மாமாவின் படகிலிருந்து கூடைகூடையாக இறால் இறங்கியது. "காத்து கடைசி நேரத்துல மனசு மாறிடுச்சு" என்றார், சிரிக்காமல். அதற்கடுத்த நாள் கொட்டியது. யாரும் படகு எடுக்கக் கூடாதென்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

அம்மா போய்க் கேட்டதற்கு, "அடுத்த கார்த்திகைல எம்பாடு சுபாஷுக்குத்தான். அம்மன் மேல சத்தியம்" என்றார். அடுத்த கார்த்திகையில் காந்தா அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றார். அதற்கடுத்ததில், "நான் எங்க ஓடியா போப்போறேன்?" என்றார்.

இந்த ஐப்பசியில் போய்விட்டார். 'வானம் அறிந்த மாமனிதர்' என்று பேனர் வைத்தார்கள். படத்திலும் விரல் மேலேதான் இருந்தது. "மழயச் சொல்ல ஆளில்லாம போச்சே" என்று அம்மா அதன் முன்னால் அழுதாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

இப்போது அம்மா மாலையில் என்னிடம் கேட்கிறாள். கைப்பேசியைப் பார்த்துச் சொன்னால் நம்புவதில்லை. அதனால் வெளியே போய் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். நம்புகிறாள். பட்டம் வாங்கியது இதற்குத்தானா? அவரை இவ்வளவு இகழ எனக்கு என்ன தகுதி? விரலை மட்டும் நனைப்பதில்லை.

நேற்று பாடு நாட்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். மாமாவின் மகன் இளங்கோவன் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அப்பாவின் பாடு உரிமையை ஊருக்கே விட்டுக்கொடுத்துவிட்டான். மாமா பெயரில் இனிச் சீட்டு இல்லை. சத்தியம் பண்ணிய அந்த ஒரு நாளை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல், அண்ணன் இன்று காலையும் கருப்பன் படகில் கூலிக்குப் போயிருக்கிறான்.