எர்லிண்டா சொல்லாமல் விட்டது

எர்லிண்டா சிட்னியின் மேற்கே பிளாக்டவுனுக்கு வந்தது 1987இல். கணவன் நெஸ்டரின் அக்கா அங்கே ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள்தான் ஸ்பொன்சர் பண்ணி இவர்களைக் கூப்பிட்டவள். ஆறு வயது மகள் மரிசெலின் கையைப் பிடித்துக்கொண்டு விமானத்தை விட்டு இறங்கியபோது எர்லிண்டாவுக்கு இந்த நாட்டிடம் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இருக்கவில்லை. மூன்று நேரச் சாப்பாடு, ஒழுகாத கூரை, கிழமை தவறாத சம்பளம். அதற்கு மேல் ஆசைப்படுவது ஆபத்து என்று அவள் நம்பினாள்.

அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தது. பிலிப்பைன்ஸில், லெய்த்தே தீவில், அவளுடைய அப்பா இன்னொருவரின் வயலில் நெல் விதைத்தவர். அண்ணன் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்னதால், வீட்டிலிருந்த ஒரே எருமையை விற்று அவனை மணிலாவில் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவன் பரீட்சையில் தவறித் திரும்பி வந்தான். அதன்பிறகு அப்பா அவனோடு பேசவில்லை. அவனும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. பகல் நேரத்தில்கூட வீட்டுக்குள்ளேயே கிடந்தான். "நாங்கள் சின்ன ஆக்கள். எங்களுக்கேன் இந்த வேலை?" என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுததை எர்லிண்டா பத்து வயதில் கேட்டாள். அது அவள் மனதில் ஒரு சட்டமாகப் பதிந்துவிட்டது.

வென்ட்வொர்த்வில்லில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் அவளுக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. சில வருடங்களில் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலைக்கு உயர்த்தினார்கள். அதுவே அவளுக்குப் பெரிய காரியமாகத் தெரிந்தது.

மரிசெல் நன்றாகப் படித்தாள். 1997இல் அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பெற்றோரை ஆசிரியர்கள் சந்திக்கும் நாளில் எர்லிண்டா தனியாகப் பள்ளிக்கூடம் போனாள். நெஸ்டருக்கு அன்று வேலை. விஞ்ஞான ஆசிரியர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"மரிசெல் கட்டாயம் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படிக்க வேணும். பல்கலைக்கழகம் போகக்கூடிய பிள்ளை. நீங்கள் வீட்டிலை அவளுக்குப் பின்னாலை நிண்டால் போதும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

எர்லிண்டா சிரித்துத் தலையாட்டினாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அதில் அண்ணனின் முகம் தெரிந்தது. பிள்ளை பெரிதாக ஆசைப்பட்டு, பிறகு தோற்று, கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதைத் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

வீட்டில் மரிசெல் வாசலிலேயே காத்திருந்தாள்.

"சேர் என்ன சொன்னவர், நனாய்?" என்று கேட்டாள். அவர்களுடைய பாஷையில் நனாய் என்றால் அம்மா.

"நல்ல பிள்ளை எண்டு சொன்னவர். குழப்படி இல்லையாம்."

"வேறை?"

"வேறை ஒண்டும் சொல்லேல்லை."

அம்மாவோடு பேசப்போவதாக ஆசிரியர் முன்பே மரிசெலிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் அவள் அப்படிக் காத்திருந்தாள். அம்மாவின் பதிலைக் கேட்டதும், தன்னைப் பற்றிய நினைப்பை அவர் மாற்றிக்கொண்டுவிட்டார் என்று முடிவுசெய்தாள். நேரே போய்க் கேட்க வெட்கம். வருட முடிவில் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு, மாமியோடு கோழித் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கி வந்தாள். எர்லிண்டா அதைப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிள்ளை கண்ணுக்கு முன்னால், பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்தாள்.

முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்தவர்களில் ஒருத்தி சத்தியபாமா. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவள். 1983 கலவரத்துக்குப் பின் கணவர் கணேசலிங்கத்தோடு இந்தியா போய், பிறகு இங்கே வந்தவள். பிலிப்பினோப் பெண்கள் வயதில் மூத்தவளை 'ஆத்தே' என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று அர்த்தம். முதல்முறை அதைக் கேட்டபோது, யாரோ தமிழில் திடுக்கிட்டுக் கத்துகிறார்கள் என்று நினைத்துச் சத்தியபாமா திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முதல் அவளும் எர்லிண்டாவை ஆத்தே என்றே கூப்பிட்டாள்.

2000ஆம் ஆண்டில் சத்தியபாமாவுக்கு ஒரு எண்ணம் வந்தது. தாதிப் பயிற்சிக்குச் சேர ஒரு நுழைவுப் பரீட்சை இருந்தது. அதற்கு அவளும் படிக்க வேண்டும். இல்லத்தில் வேலை செய்த பிலிப்பினோப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தடித்த பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி, முதுகைப் பிரித்து, துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு பகுதி கொடுத்தாள். அவரவர் தன் பகுதியைப் படித்து, சனிக்கிழமை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் விளங்கிய பிறகுதான் அடுத்த பகுதி.

வென்ட்வொர்த்வில்லில் தங்கள் வீட்டுக் கராஜில் கதிரைகளை அடுக்கிக்கொண்டே கணேசலிங்கம் கேட்டார்.

"ஏனப்பா இவ்வளவு மினக்கெடுறீர்? நீர் தனியப் படிச்சால் கெதியிலை பாஸ் பண்ணிப் போடுவீர்."

"தனியப் படிச்சுப் பாத்தனான். ரெண்டு பக்கத்திலை நித்திரை வருது. சொல்லிக் குடுக்க வேணும் எண்டால்தான் எனக்கே விளங்குது. அந்தக் கதிரையை இஞ்சாலை போடுங்கோ."

ஆரம்பத்தில் சனிக்கிழமைகள் சரிவரவில்லை. பெண்கள் வரும்போது நூடில்ஸும் கேக்கும் கொண்டுவந்தார்கள், சிரித்தார்கள், கேள்வி கேட்டால் மட்டும் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். பதில் தெரிந்தவளும் தெரியாது என்றாள். தெரியும் என்று சொன்னால் மற்றவர்களைவிடத் தன்னை உயர்த்திக் காட்டுவதாகிவிடும் என்ற பயம். நெஸ்டரின் அக்கா விஷயம் கேள்விப்பட்டு, "எர்லிண்டா பெரிய நர்ஸ் ஆகப்போறாவாம்" என்று தேவாலய வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை எர்லிண்டா புத்தகத் துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதி அவளுடையது.

"எனக்கு இது சரிவராது. நாங்கள் சின்ன ஆக்கள்."

"சரி, விடுங்கோ. ஆனால் அந்தப் பகுதி உங்களிட்டை மட்டும்தான் இருக்கு. நீங்கள் சொல்லித் தராட்டி எங்கள் ஒருத்தருக்கும் அது தெரியாது. எல்லாரும் அந்தக் கேள்வியிலை பெயில்" என்றாள் சத்தியபாமா.

எர்லிண்டா நின்றுகொண்டே யோசித்தாள். தனக்காக என்றால் எப்போதோ விட்டிருப்பாள். மற்றவர்களைத் தோற்க விட அவளுக்கு மனம் வரவில்லை. துண்டை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் குசினி மேசையில் உட்கார்ந்து எத்தனை தரம் வாசித்தும் பிடிபடவில்லை. மரிசெல் வேலை முடிந்து வந்து, குளிரில் விறைத்த விரல்களைச் சுடுதண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து, "என்ன அது?" என்று கிட்ட வந்தாள்.

"அஞ்சு மில்லிலீட்டர் தண்ணி மருந்திலை இருநூற்றைம்பது மில்லிகிராம் இருக்காம். நோயாளிக்கு நூறு மில்லிகிராம் குடுக்க வேணும். எவ்வளவு ஊத்துறது?"

"முதல்லை ஒரு மில்லிலீட்டரிலை எவ்வளவு எண்டு பாருங்கோ."

எர்லிண்டா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஐம்பது."

"அப்ப நூறுக்கு?"

"ரெண்டு!"

"அவ்வளவுதான்" என்று மரிசெல் சிரித்தாள். பிறகு ஈரக் கையோடு பென்சிலை எடுத்து இன்னும் கடினமான கணக்குகளை அவளாகவே உண்டாக்கிப் போட்டுக் காட்டினாள். அவளுடைய முகம் மாறியிருந்தது. மூன்று வருடமாக எர்லிண்டா அந்த முகத்தைக் காணவில்லை.

"உனக்கு இதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கோ?"

"விருப்பமாப் படிச்சது நனாய், எப்பிடி மறக்கிறது?" என்றாள் மரிசெல். பென்சிலை வைத்துவிட்டுச் சோறு போடப் போனாள்.

எர்லிண்டா மேசையிலேயே இருந்தாள். தான் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. மகளை எந்தத் தோல்வியிலிருந்தும் அவள் காப்பாற்றவில்லை. தன் பயத்தைத்தான் காப்பாற்றியிருந்தாள்.

சனிக்கிழமை அவள் தடுமாறித் தடுமாறி அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வாய் திறந்தார்கள். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லத் தொடங்கினார்கள். எர்லிண்டா மட்டும் தன் பங்குக் கேக்கை மகளுக்கென்று பொதிந்து எடுத்துக்கொண்டாள். மகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பரீட்சையில் பாஸானாள், பயிற்சி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

2003இல் பயிற்சி முடிந்து, சத்தியபாமாவோடு அவளுக்கும் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்தது. அதைக் கொண்டாட மரிசெலோடு பிளாக்டவுன் கடைத்தொகுதிக்குக் கேக் வாங்கப் போனாள். அங்கே ஒரு வெள்ளைக்காரர் வழிமறித்து நின்றார். பழைய விஞ்ஞான ஆசிரியர்.

"மரிசெல்தானே? எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனனீர்?"

"நான் பத்தாம் வகுப்போடை நிண்டிட்டன், சேர்."

அவர் முகம் வாடியது. எர்லிண்டாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு அண்டைக்கு அவ்வளவு சொன்னனானே. இந்தப் பிள்ளையைக் கட்டாயம் படிப்பிக்க வேணும் எண்டு."

எர்லிண்டாவின் கையிலிருந்த கேக் பெட்டி சரிந்தது. மரிசெல் அதைப் பிடித்து, ஆசிரியரிடம் மரியாதையாக விடைபெற்று, கார் நிறுத்துமிடம் வரை முன்னால் நடந்தாள். காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உண்மையோ?"

"ஓம்."

மரிசெல் கேக் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சில வாரங்களில் மெல்பேர்ணுக்குப் போய்விட்டாள். டண்டினோங்கில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அங்கேயே ஒரு பொதி கட்டும் வேலையில் சேர்ந்தாள். தகப்பனோடு மட்டும் தொலைபேசியில் பேசினாள்.

எர்லிண்டா ஒருநாள் தேநீர் இடைவேளையில் சத்தியபாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சத்தியபாமா அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

"பயத்திலைதான் செய்தனீங்கள், எனக்கு விளங்குது. ஆனால் பிழை பிழைதான், ஆத்தே."

அந்தப் பேச்சு எர்லிண்டாவுக்கு எப்படியோ ஆறுதலாக இருந்தது. அந்த வருடமே பிளாக்டவுன் தேவாலய மண்டபத்தில், புதிதாக வந்த பிலிப்பினோக் குடும்பங்களுக்காக ஒரு படிப்பு வட்டத்தைத் தொடங்கினாள். கராஜில் படித்த அதே முறை. அதோடு இன்னொன்றும் செய்தாள். பள்ளிக்கூடம் கூப்பிட்டால், தனியாகப் போகத் தயங்கும் தாய்மாரோடு அவளும் போனாள். திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் நின்று, "ரீச்சர் சொன்னதைப் பிள்ளைக்கு முன்னாலை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்" என்பாள். ஒரு தாய், "எங்களாலை ஏலுமோ, ஆத்தே?" என்று இழுத்தால், எர்லிண்டாவின் குரல் கடுமையாகிவிடும். "ஏலாது எண்டாலும் சொல்லுங்கோ. அது பிள்ளைக்குச் சேர வேண்டியது."

வருடங்கள் போகப் போக அந்த மண்டபத்திலிருந்து தாதிகள் வந்தார்கள், கணக்காளர்கள் வந்தார்கள், ஓர் ஆசிரியையும் வந்தாள். தாய்மார் அவளுடைய கையைப் பிடித்து நன்றி சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது. என் பிள்ளைக்குச் செய்யாததை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்து நல்ல பெயர் வாங்குகிறேனே என்று நினைப்பாள்.

2006இல் சத்தியபாமா குடும்பம் மெல்பேர்ணில் உள்ள கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் காரில் புறப்பட்டபோது எர்லிண்டாவும் ஏறிக்கொண்டாள். கோயிலுக்குப் போகும் வழியில் அவளை டண்டினோங்கில் மரிசெலின் வீட்டு முன் இறக்கிவிட்டார்கள். சத்தியபாமா கோயிலில் அவளுக்காக ஒரு அர்ச்சனை செய்ததாகப் பிறகு சொன்னாள்.

மரிசெல் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். தேநீர் போட்டுக் கொடுத்தாள். தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பேசினாள்.

"படிக்க வேண்டாம் எண்டு நீங்கள் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடிச்சிருப்பன், நனாய். வெண்டிருப்பனோ தோத்திருப்பனோ தெரியாது. நீங்கள் எனக்கு அந்தச் சண்டையைக்கூடத் தரேல்லை. நான் மொக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இவ்வளவு வருசம் இருந்தனான்."

எர்லிண்டா அண்ணனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதுவும் ஒரு சாக்குத்தான் என்று பட்டது. "என்ரை பிழை" என்று மட்டும் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "இப்பவும் படிக்கலாம். நான்..." என்று தொடங்கினாள்.

"எனக்கு நீங்கள் படிப்பிக்க வேண்டாம். நான் உங்கடை மண்டபத்துப் பிள்ளை இல்லை."

கார் வந்து நின்றது. மரிசெல் வாசல் வரை வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் குளிர் அதிகம் என்று சொல்லி, அம்மாவின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். சிட்னி வரும்வரை எர்லிண்டா பின்சீட்டில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கணேசலிங்கம் ரேடியோவை நிறுத்தி வைத்தார்.

அதன்பிறகு மரிசெல் இடைக்கிடை தாயோடும் பேசினாள். 2009இல் ஒருநாள், தான் ஆய்வுகூடத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்து ஒரு வருடம் முடித்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போதே, "உங்களுக்காகச் சேரேல்லை" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

"ஓம், தெரியும்" என்றாள் எர்லிண்டா. தொலைபேசியை வைத்துவிட்டு, சந்தோஷப்படத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நெடுநேரம் நின்றாள்.

அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு மகள் வருவாள் என்று எதிர்பார்த்து அறையைக் கூட்டித் துடைத்து, புதுப் படுக்கை விரிப்பும் வாங்கி வைத்திருந்தாள். டிசம்பர் தொடக்கத்தில் மரிசெல் தொலைபேசி எடுத்தாள்.

"வர ஏலாது, நனாய். லீவுக்கு ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலை பயிற்சி கிடைச்சிருக்கு. கோபமோ?"

ஒரு நத்தாருக்காவது வந்துவிட்டுப் போகலாமே, பயிற்சி பிறகும் கிடைக்கும்தானே என்ற வார்த்தைகள் எர்லிண்டாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. இத்தனைக்குப் பிறகும் அவை தன்னிடம் இருப்பதை உணர்ந்து அவள் வெட்கப்பட்டாள்.

"இல்லை. நீ பயிற்சிக்குப் போ" என்றாள். "நான் தை மாசம் உன்னட்டை வாறன். உனக்கு நேரம் இருந்தால்."

மறுபக்கத்தில் நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"வாங்கோ" என்றாள் மரிசெல்.