வளைந்த கம்பத்தடி இலை

மலைப்பாதையில் சறுக்கி விழுந்த மகளின் முழங்காலில் ரத்தம் கசிந்தது. அவளுக்கு அடியில் நசுங்கிய செடிகளிலிருந்து அந்த வாசனை எழுந்ததுமே, "அழாதம்மா, மருந்து இங்கேயே இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த சேக்காட்டு ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டின் வாசனை அது. ஞாயிறுதோறும் பிள்ளைகள் கூட்டமாக அதன் வழியே ஏரிவரை நடப்போம். முள் கிழித்தாலும் கல் தடுக்கினாலும், எங்களோடு வரும் உள்ளூர்க்காரி வசந்தி ஃபாக்டரி வேலியின் வளைந்த கம்பத்தடிக்கு ஓடி, ஒரு பிடி இலை பறித்து, உள்ளங்கையில் கசக்கி, எரிய எரியக் காயத்தில் பிழிவாள். "இன்னாத்துக்கு அழுவுற? மருந்து இங்கியே கீதே!" என்ன இலை என்று நாங்கள் கேட்டதே இல்லை. எங்களுக்கு அது கம்பத்தடி இலை, அவ்வளவுதான். பிறகு காட்டை வழித்து அடுக்குமாடி கட்டினார்கள், கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள்.

நசுங்கிக் கிடந்த நாலைந்து வகைச் செடிகளையும் கிள்ளிக் கிள்ளி முகர்ந்தேன். விரலிலேயே வாசனை ஏறிவிட்டதால் எல்லா இலையும் அந்த இலையாகவே மணந்தது.

மகள் அழுகையை நிறுத்திவிட்டு, காலை நீட்டியபடி என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.